டிராப்கிக் மர்ஃபிஸ் கச்சேரிகள்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: இவர்களை இதுவரை கேட்டதே இல்லை. எங்கே தொடங்குவது?

பதில்: 1996-இல் அமெரிக்காவில் பாஸ்டனை ஒட்டிய குயின்சியில் ஆரம்பித்த குழு, ஐரிஷ் நாட்டுப்பாட்டையும் பங்க் எனும் வேகமான, இரைச்சலான ராக் இசையையும் கலப்பவர்கள். 2005-இல் வந்த 'தி வாரியர்ஸ் கோட்' ஆல்பத்தில் தொடங்குங்கள். ஆனால் இவர்களின் பாட்டு முழுசாகப் புரிவது நேரில்தான், கூட்டம் மொத்தமும் கோரஸ் பாடும்போது.

கேள்வி: இவர்களின் 'ஷிப்பிங் அப் டு பாஸ்டன்' பாட்டை யார் எழுதியது?

பதில்: வரிகள் அமெரிக்க நாட்டுப்பாடகர் உட்டி கத்ரி எழுதியவை. அவர் 1967-லேயே இறந்துவிட்டார், அவர் விட்டுப்போன தாள்களிலிருந்து மகள் நோரா எடுத்துக் கொடுத்தது. கட்டைக்காலைத் தொலைத்த மாலுமி அதைத் தேடிக் கப்பல் ஏறுகிறான், அவ்வளவுதான் கதை.

கேள்வி: பேக்பைப் அயர்லாந்து வாத்தியம்தானே?

பதில்: மேடையில் நீங்கள் பார்ப்பது ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் பைப், பையில் காற்றை வாயால் ஊதி நிரப்பி வாசிப்பது. அயர்லாந்துக்கே உரியது இல்லன் பைப். முழங்கைக்கு அடியில் ஒரு துருத்தியை வைத்து அமுக்கிக் காற்று அனுப்புவார்கள், உட்கார்ந்து வாசிப்பது, சத்தமும் குறைவு.

கேள்வி: அப்படியென்றால் ஐரிஷ் குழு என்று சொல்லிக்கொண்டு ஸ்காட்லாந்து வாத்தியம் வைத்திருப்பது போலித்தனம் இல்லையா?

பதில்: இல்லவே இல்லை. பாஸ்டனில் தீயணைப்பு வீரரோ போலீஸ்காரரோ இறந்தால் இறுதி ஊர்வலத்தில் அயர்லாந்து வம்சத்தினர் வாசிப்பது இந்த ஹைலேண்ட் பைப்தான். அந்த ஊர்க்காரர்கள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த ஓசை அது. வாத்தியத்தின் குணமும் ஒரு காரணம். மொத்தம் ஒன்பது ஸ்வரம், கூட்டிக் குறைத்து ஊத முடியாது, நடுவில் நிறுத்தவும் முடியாது, ஆனால் எலக்ட்ரிக் கிட்டார் போடும் இரைச்சலில்கூட அமுங்காது. பங்க் இசைக்கு வேறென்ன வேண்டும்?

கேள்வி: ஆனாலும் அசல் என்றால் தி போக்ஸ்தான், இவர்கள் நகல்.

பதில்: 1982-இல் லண்டனில் தி போக்ஸ் குழு ஐரிஷ் நாட்டுப்பாட்டையும் பங்கையும் கலக்கும் இந்த வழியைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்தக் குழுவே இல்லை, சரி. 2023-இல் அதன் பாடகர் ஷேன் மெக்கோவன் இறந்தபோது நானும் அழுதேன். ஆனால் தி போக்ஸில் அக்கார்டியன், டின் விசில், பாஞ்சோ முன்னால் நிற்கும், நாட்டுப்பாட்டுக்குள் பங்க் புகுந்திருக்கும். இங்கே பங்க்தான் அடித்தளம். இரண்டும் வேறு வேறு இசை, நகல் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: மேடைக்கு முன்னால் நின்றால் அடிபடுமா?

பதில்: இடிபடும். யாராவது விழுந்தால் சுற்றி நிற்பவர்கள் உடனே தூக்கிவிட வேண்டும், அங்கே எல்லோரும் மதிக்கும் வழக்கம் அது. ஷூ கயிற்றை இரட்டை முடிச்சாகப் போடுங்கள், கண்ணாடியைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். காதுக்கு இயர்பிளக் கட்டாயம்.

கேள்வி: இயர்பிளக் போட்டால் பாட்டு கெட்டுவிடாதா?

பதில்: கெடாது. போடுங்கள்.

கேள்வி: பத்து வயது மகளோடு போகலாமா?

பதில்: பால்கனி சீட் எடுங்கள். அவளுக்குக் காதை முழுசாக மூடும் இயர்மஃப், உங்களுக்கு இயர்பிளக்.

கேள்வி: முன்வரிசை ஆபத்தா?

பதில்: மேலே சொல்லியாகிவிட்டது, தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: மார்ச் 17-ஐ ஒட்டி பாஸ்டன் போகிறேன், கச்சேரி கிடைக்குமா?

பதில்: அன்று அயர்லாந்துக்காரர்களின் திருநாளான செயின்ட் பேட்ரிக் தினம், அதையொட்டி சொந்த ஊரில் வாசிப்பது அவர்கள் வழக்கம். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். முடியும்வரை இருங்கள், கடைசிப் பாட்டுகளில் ரசிகர்களை மேடையிலேயே ஏற்றிவிடுவார்கள்.