ஒரே ரத்தம், இரண்டு எண்: அமெரிக்காவில் கிட்னி செயலிழந்தவர்கள் பற்றிய கேள்வி பதில்

ஜார்ஜியா மாநிலத்தில் பன்னிரண்டு வருடமாக டயாலிசிஸ் நர்ஸாக இருக்கிறேன். கிட்னி செயலிழந்தபின் ஒருவருக்கு என்ன ஆகிறது என்பது இங்கே நிறத்தையும் ஊரையும் பொறுத்து மாறுகிறது என்று போன வாரம் சொல்லியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகள் இவை.

செந்தில்: அக்கா, கறுப்பினத்தவருக்கு கிட்னி அதிகம் பழுதாவது மரபணுவால்தானே?

பாதி சரி. அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 13 சதவீதம். டயாலிசிஸ் நாற்காலிகளை எண்ணிப் பார்த்தால் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அவர்கள். 2010-இல் ஏபிஓஎல்1 என்ற மரபணுவில் கிட்னியைப் பாதிக்கும் மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். ட்செட்சி ஈ பரப்பும் தூக்க நோயிலிருந்து மேற்கு ஆப்பிரிக்கர்களைக் காத்த மாற்றம் அது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால் கிட்னிக்கு ஆபத்து. அப்படி இரண்டும் உள்ளவர்களிலும் பெரும்பாலோருக்கு கிட்னி பழுதாவதே இல்லை. நோய் வந்ததற்கு மரபணுவை ஓரளவு குற்றம் சொல்லலாம். மாற்றுக் கிட்னிக்கான பட்டியலில் பின்னால் போனதற்கு அதன்மேல் பழி போட முடியாது.

ஹரிணி: பட்டியலில் பின்னால் போனது எப்படி? வரிசை எல்லோருக்கும் ஒன்றுதானே?

வரிசை ஒன்றுதான், வாசல் இரண்டு. கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ரத்தத்தில் உள்ள கிரியாட்டினினை (தசையிலிருந்து வரும் கழிவு) வைத்துக் கணக்குப் போடுவார்கள். அந்த எண் 20 அல்லது அதற்குக் கீழே வந்தால்தான், டயாலிசிஸ் தொடங்கும் முன்பே உங்கள் காத்திருப்பு நாள் ஓட ஆரம்பிக்கும். கிட்னி யாருக்கு என்பதில் அந்த நாள்கணக்கு பெரிய விஷயம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் லேப் ரிப்போர்ட்டில் இரண்டு வரி அச்சாகி வரும். 'ஆப்பிரிக்க அமெரிக்கர் என்றால்: 21. இல்லையென்றால்: 18.' ஒரே ஆள், ஒரே ஊசி, ஒரே ரத்தம். 18 என்றால் காத்திருப்பு நாள் ஓடும், 21 என்றால் ஓடாது. 1999-இல் வந்த சூத்திரத்தின் சுருக்க வடிவம் கறுப்பினத்தவருக்கு 21 சதவீதம் கூட்டிப் போட்டது, 2009-இல் வந்தது 16 சதவீதம். ஆய்வில் கலந்துகொண்ட கறுப்பினத்தவருக்குச் சராசரியாகக் கிரியாட்டினின் கூடுதலாக இருந்ததாம், அவர்களுக்குத் தசை அதிகம் என்று விளக்கம் சொன்னார்கள். சரி, அப்பா கறுப்பர், அம்மா வெள்ளையர் என்றால் எந்த வரி? வரவேற்பு மேசையில் ஃபாரம் நிரப்பும் பெண் எதை டிக் செய்கிறாளோ, அதுதான்!

2021 செப்டம்பரில் அமெரிக்காவின் தேசிய கிட்னி அறக்கட்டளையும் கிட்னி மருத்துவர்கள் சங்கமும் சேர்ந்து, இனத்தைக் கணக்கில் சேர்க்காத சூத்திரத்துக்கு மாறச் சொன்னார்கள். 2022-இல் உறுப்பு மாற்றுக்கு அது கட்டாயமானது. 2023 ஜனவரியில், பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடி, இழந்த காத்திருப்பு நாட்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது. ஆயிரக்கணக்கானோருக்குக் கிடைத்தது. எங்கள் நோயாளி ஒருவரின் மகள், அப்பாவுடைய பழைய ரிப்போர்ட்டுகளை பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தாள். அதில் கிடைத்த ஒரு தாளால் அவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் திரும்ப வந்தது. டின் இல்லாத வீடுகளைப் பற்றி யோசித்துக்கொண்டே அன்று வீட்டுக்கு வந்தேன்.

முருகேசன்: அங்கே டயாலிசிஸுக்கு அரசாங்கமே பணம் கட்டுகிறதாமே? அப்புறம் என்ன ஏற்றத்தாழ்வு?

கட்டுகிறது. 1972-இல் சட்டம் போட்டு, 1973 ஜூலையிலிருந்து, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரை இவர்களுக்கு வயது பார்க்காமல் தருகிறார்கள். ஆனால் அது கிட்னி போன பிறகு. அதற்கு முந்தைய பத்து வருடம் பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை வாங்கக் காப்பீடு இல்லாதவர், நேராக எமர்ஜென்சிக்குத்தான் வருவார், கழுத்து ரத்தக்குழாயில் செருகிய கேத்தீட்டர் குழாயோடு. கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைக்கும் ஆபரேஷன்) போட்டுத் தயாராக வருபவரோடு ஒப்பிட்டால் முதல் சில மாதங்கள் இவருக்குக் கண்டம்தான். ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டை முழுதாக விரிவாக்காத மாநிலங்களில் ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி எல்லாம் உண்டு. இவை கறுப்பினத்தவர் அதிகம் வாழும் மாநிலங்களும்கூட.

இன்னொரு கூத்து. கிட்னி நோயால் மட்டும் மெடிகேர் பெற்றவருக்கு, மாற்றுக் கிட்னி வைத்து 36 மாதம் ஆனதும் அது நின்றுவிடும். புதுக் கிட்னியை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தினமும் போடும் மாத்திரையை வாங்க முடியாமல் அந்தக் கிட்னியும் போனால், திரும்பவும் டயாலிசிஸுக்குப் பணம் கட்டுவார்கள்! 2023 ஜனவரியிலிருந்துதான் வேறு காப்பீடு இல்லாதவர்களுக்கு அந்த மாத்திரைக்கென்று ஒரு வழி செய்தார்கள்.

டாக்டர் படிக்கும் மாணவி: டயாலிசிஸில் கறுப்பினத்தவர்தான் வெள்ளையரைவிட அதிக நாள் வாழ்கிறார்கள் என்று எங்கள் வகுப்பில் சொன்னார்களே?

மொத்தமாகக் கூட்டினால் அப்படித்தான் தெரியும், தங்கச்சி. 2011-இல் வயது வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். அந்த அனுகூலம் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும்தான். 18 முதல் 30 வயதுக்குள் பார்த்தால், கறுப்பினத்தவர் இறக்கும் அபாயம் வெள்ளையரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. டயாலிசிஸில் இருப்பவர்களில் வயதானவர்களே அதிகம் என்பதால், கூட்டுத்தொகையில் இளைஞர்கள் மறைந்துபோனார்கள்.

பிரபு: ஊர் எப்படிக் கணக்கில் வரும்?

முன்பு நாட்டை ஐம்பதுக்கும் மேற்பட்ட வட்டாரங்களாகப் பிரித்து, தானமாக வந்த கிட்னியை முதலில் அந்த வட்டாரத்துக்குள்ளேயே கொடுத்தார்கள். எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்குப் பல வருடம் முன்னதாகவே கிடைத்துவிடும். 2021 மார்ச்சில் அதை மாற்றி, தானம் வந்த மருத்துவமனையைச் சுற்றி 250 கடல் மைல் வட்டம் என்றார்கள். இரண்டு ஊர்களில் பெயர் பதிந்துகொள்ள அப்போதும் இப்போதும் அனுமதி உண்டு. ஸ்டீவ் ஜாப்ஸ் இருந்தது கலிபோர்னியாவில், 2009-இல் கல்லீரல் வைத்துக்கொண்டது டென்னசியில். அழைத்தால் சில மணி நேரத்தில் போய் நிற்க விமானம் வேண்டும். எங்கள் நோயாளிகளில் சிலருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு வரவே வண்டி கிடைப்பதில்லை.

கலா: எங்காவது நிலைமை சரியானதா?

ஆனது. அமெரிக்கப் பூர்வகுடிகளில் சர்க்கரை நோயால் கிட்னி செயலிழப்பது 1996-லிருந்து 2013-க்குள் 54 சதவீதம் குறைந்தது. புது மருந்து எதுவும் இல்லை. அவர்களுக்கான அரசு சுகாதாரத் துறை, பழைய பிரஷர் மாத்திரைகளைச் சீக்கிரமே கொடுத்தது, சிறுநீரை ஒழுங்காகச் சோதித்தது, வராதவரைத் தேடிப் போனது.

வித்யா: அட்லாண்டாவில் இருக்கும் என் மாமனாருக்கு எண் 24. பட்டியலுக்கு இப்போதே கேட்கலாமா?

கேளுங்கள், டயாலிசிஸ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பரிசோதனைகள் முடியவே மாதக்கணக்காகும். 20-க்கு இறங்கிய அன்று வந்த ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துங்கள். அவருடைய ரத்தப் பிரிவை எழுதவில்லையே? நம்மவர்களில் பி பிரிவு நிறைய. பி பிரிவினருக்குக் காத்திருப்பு நீளும். பி பிரிவு என்றால், ஏ2 வகைக் (ஏ ரத்தப் பிரிவின் ஓர் உட்பிரிவு) கிட்னி பொருந்துமா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.