முழங்கையில் ஒரு நரம்பு

அன்புள்ள ஐயா,

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்து எம்.பி.பி.எஸ். முதலாண்டு படிக்கிறேன். பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி, தமிழ்வழி. இரவு இரண்டு மணி வரை படித்தும் முதல் அனாட்டமி (உடற்கூறியல்) இன்டர்னல் தேர்வில் ஃபெயில். அறைத்தோழிகள் எந்நேரமும் ஆங்கிலம்தான். மெஸ் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு மன உறுதி போதவில்லையோ? தியானம் பழகினால் சரியாகுமா?

க.

அன்புள்ள க.,

என் மகளைவிடச் சின்னவள் நீ, ஒருமையிலேயே எழுதுகிறேன். மெஸ் சாப்பாடு யாருக்கும் இறங்காது, விடு. அறைத்தோழிகளும் போர்வைக்குள் அழுதுகொண்டுதான் இருப்பார்கள்.

ஆனால் ‘மன உறுதி போதவில்லையோ’ என்று எழுதினாய் பார், கோபம் வந்துவிட்டது. அரசுப் பள்ளியிலிருந்து நீட் தாண்டி வந்தவளுக்கா உறுதி இல்லை? உனக்கு இன்னும் வராதது ஆங்கிலம். இரண்டையும் போட்டுக் குழப்பாதே. புரியாததை ராத்திரி இரண்டு மணி வரை உருப்போடுவதற்குப் பெயர் படிப்பும் இல்லை.

என் முதல் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேட்டது பிராக்கியல் பிளெக்ஸஸ். கழுத்தருகே ஐந்து வேராகக் கிளம்பிக் கைக்கு இறங்கும் நரம்புப் பின்னல். படம் கண்ணுக்குள் நிற்கிறது, வாயில் ஒரு வாக்கியம் வரவில்லை. ‘நெக்ஸ்ட்’ என்றார் பேராசிரியர். அன்றிரவே ட்ரங்குப் பெட்டியைக் கட்டிவிட்டேன். மறுநாள், பிணத்தை அறுத்துப் படிக்கும் டிசெக்‌ஷன் ஹாலில், ஃபார்மலின் நெடியில் கண் எரிய நின்றவனிடம் அங்கிருந்த ஊழியர் கேட்டார்: “முழங்கையில இடிச்சா சுண்டுவிரல் வரைக்கும் ஷாக் அடிக்குமே தம்பி, எதுனால?” எலும்பு மேட்டுக்குப் பின்னால் ஓடிய வெள்ளைக் கயிற்றைத் தொட்டுக் காட்டினார். அல்நர் நரம்பு. அதைப் பிடித்துக்கொண்டே மேலே போனேன், பின்னல் முழுக்கப் புரிந்தது. சாயங்காலம் பெட்டியைப் பிரித்தேன்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மிஷனரி மருத்துவர் 1860களிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். நாமோ இன்னும் தெரிந்த பிள்ளையை வாய்மூடி நிற்க வைத்துக்கொண்டிருக்கிறோம். நீ முதலில் தமிழில் புரிந்துகொள். பிறகு அதையே நாலு வரி ஆங்கிலத்தில், உரக்க, தப்பும் தவறுமாகச் சொல்லிப் பார். தினம் ஒரு நரம்பு.

தூக்கம் தொடர்ந்து கெட்டால் உங்கள் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போ. நாளைக்கு நோயாளிகளை அங்கேதானே அனுப்பப் போகிறாய், உனக்கென்ன கூச்சம்?

தியானமா? நேரமிருந்தால் செய். பொங்கலுக்கு ஊருக்குப் போய் அம்மா கையால் சாப்பிடு. பெட்டி மட்டும் விடுதியிலேயே இருக்கட்டும்.