லேசர் என்கிரேவரில் 3 மி.மீ. எழுத்துகளும் மெல்லிய கோடுகளும் மங்கலாக விழுகின்றன. எதை, எந்த வரிசையில் சரிசெய்வது?

பவரையும் வேகத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். அவை கடைசியில் தொட வேண்டியவை. ஜிஆர்பிஎல்லில் (இயந்திரத்தின் மோட்டார்களையும் லேசரையும் இயக்கும் கட்டுப்பாட்டு மென்பொருள்) ஓடும், பெல்ட் வைத்த டயோட் லேசர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

மின்சாரத்தை அணைத்துவிட்டு லேசர் தலையைக் கையால் அசைத்துப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் சக்கரங்களின் எக்சென்ட்ரிக் நட்டை (திருப்பினால் சக்கரம் தண்டவாளத்தோடு நெருங்கும் நட்டு) இறுக்குங்கள். மோட்டார் புல்லியைத் தண்டோடு பிடித்து வைக்கும் சிறு திருகு (கிரப் ஸ்க்ரூ) தளர்ந்திருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. லென்ஸில் புகைப்படிவு இருந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் மெதுவாகத் துடையுங்கள்.

அடுத்து ஃபோகஸ். கூட வந்த அளவுக்கட்டையை அப்படியே நம்ப வேண்டாம். தட்டையான பலகையை, 100 மி.மீ. நீளத்துக்கு 10 மி.மீ. உயரும்படி சாய்த்து வையுங்கள். நடுப்புள்ளியில் ஃபோகஸ் வைத்து, சரிவு நெடுக ஒரே கோடு போடுங்கள். கோடு எங்கே மிக மெல்லியதோ அதுதான் உண்மையான ஃபோகஸ். நடுவிலிருந்து 20 மி.மீ. தள்ளி, உயர்ந்த பக்கத்தில் அது இருந்தால், தலையை 2 மி.மீ. இறக்க வேண்டும்.

அளவு சரியா என்று பார்க்க 100 மி.மீ. சதுரம் வரையுங்கள். ஒரு மி.மீ. நகர மோட்டார் எத்தனை படி எடுக்க வேண்டும் என்பதை ஜிஆர்பிஎல்லின் $100 அமைப்பு சொல்கிறது (ஒய் அச்சுக்கு $101). அதில் இப்போது 80 இருந்து, சதுரம் 99.4 வந்தால், 80 × 100 ÷ 99.4 = 80.48 என்று போடலாம். ஆனால் தளர்ந்த பெல்ட்டை மறைக்க இந்த எண்ணைத் திருத்தாதீர்கள்; வேகம் மாறியதும் பிழை திரும்ப வரும். மூலைவிட்டங்கள் இரண்டும் 141.4 மி.மீ. இல்லையென்றால் சட்டமே கோணலாக இருக்கிறது.

எழுத்தின் செங்குத்து ஓரம் ரம்பப்பல் போல வருகிறதா? இடவலமாகவும் வலஇடமாகவும் எரியும் வரிகள் ஒன்றன்கீழ் ஒன்று பொருந்தவில்லை. ஒரே பட்டையை 1000, 3000, 6000 மி.மீ./நிமிடத்தில் நிரப்பிப் பாருங்கள். எல்லா வேகத்திலும் ஒரே விலகல் என்றால் இயந்திரத் தளர்வு. வேகத்தோடு கூடினால் லேசர் எரிந்து அணையும் தாமதம். லைட்பர்ன் மென்பொருளின் ஸ்கேனிங் ஆஃப்செட் அட்டவணையில் ஒவ்வொரு வேகத்துக்கும் அளந்த விலகலில் பாதியைப் போடுங்கள், ஏனென்றால் திருத்தம் இரு திசைக்கும் பொருந்தும். ஓவர்ஸ்கேனையும் (வரியின் ஓரத்தைத் தாண்டித் தலை கொஞ்சம் ஓடித் திரும்பும் அமைப்பு) போட்டுவிடுங்கள்.

பிறகுதான் வரி இடைவெளி. புள்ளியின் அகலம் 0.08 மி.மீ. என்றால் 0.05-இல் அடிப்பதால் நுணுக்கம் கூடாது. ஒரே இடம் இருமுறை எரிந்து எழுத்தின் உள்வெளிகள் அடைபடும். 0.06, 0.08, 0.10, 0.12 என நான்கு சிறு சதுரங்களை நிரப்பி, உருப்பெருக்கியில் பாருங்கள். 0.12-இலிருந்து கீழே வரும்போது வரிகள் தொட்டுக்கொள்ளும் முதல் அளவே போதும். இதை மரத்தில் செய்யாதீர்கள், நார்களே கோட்டைக் கலைத்துவிடும். அனோடைஸ் செய்த அலுமினியத் தகடு நல்லது.

மூலைகள் மட்டும் கருகினால் $32=1 (ஜிஆர்பிஎல்லின் லேசர் முறை) இருக்கிறதா, எம்4 (வேகத்துக்கேற்பப் பவரை மாற்றும் கட்டளை) பயன்படுகிறதா என்று பாருங்கள். தலை வேகம் குறையும் இடத்தில் பவரும் குறைவது அப்போதுதான். மிகச் சிறிய எழுத்துகளுக்கு நிரப்புவதைவிட ஒற்றைக் கோட்டு எழுத்துருவே தெளிவாக விழும்.

சோதனை எல்லாவற்றிலும் உங்கள் லேசரின் அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். சாய்த்த பலகையிலிருந்தும் உலோகத் தகட்டிலிருந்தும் ஒளி எந்தப் பக்கமும் தெறிக்கும்.