நடுக்கடலில் என்ஜின் நின்றால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன: படகு பழுதாகி நின்றுவிட்டால் என்ன செய்வது, நின்றுபோன படகைப் பார்த்தால் என்ன செய்வது. கடலூர்ப் பக்கமிருந்தும் புதுச்சேரிப் பக்கமிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். விசைப்படகுக்காரர்களிடம் ஓரளவு கருவிகள் இருக்கும். அதனால் சின்ன ஃபைபர் படகில் போகிறவர்களை மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணே, கரையிலிருந்து எட்டு மைல் தாண்டி என்ஜின் நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் அதையே கிளப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். நிமிர்ந்து பார்த்தால் படகு எங்கேயோ போயிருந்தது. முதலில் என்ன செய்திருக்க வேண்டும்?

நங்கூரம். என்ஜினில் கை வைப்பதற்கு முன்னால் நங்கூரம். என்ஜின் நின்ற படகு குறுக்கே திரும்பி அலைக்கு விலாவைக் காட்டும். அந்த நேரத்தில் இரண்டு பேர் ஒரே பக்கம் குனிந்து என்ஜினை நோண்டினால், கவிழ்க்க ஒரு நல்ல அலை போதும்.

நங்கூரத்தை அணியத்திலிருந்து, அதாவது படகின் மூக்குப் பக்கத்திலிருந்து இறக்குங்கள், பின்பக்கத்திலிருந்து வேண்டாம். பின்பக்கம் கட்டினால் அலை நேராக உள்ளே ஏறும். கயிறு ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது வேண்டும்: பத்துப் பாகம் ஆழத்துக்கு ஐம்பது பாகம் (இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்). பல படகுகளில் நான் பார்ப்பது இருபது, இருபத்தைந்து பாகம்தான். அது தரையைப் பிடிக்காது, உழுதுகொண்டே வரும். கயிற்றின் மறுமுனை படகில் கட்டியிருக்கிறதா என்பதைக் கரையிலேயே பாருங்கள். கட்டாத கயிறு நங்கூரத்தோடு சேர்ந்து போய்விடும், அவசரத்தில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. கயிறு விளிம்பில் உரசும் இடத்தில் பழைய சைக்கிள் டியூப்பை நாலு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் உரசினால் எவ்வளவு தடிமன் கயிறும் காலையில் இருக்காது.

நங்கூரம் எட்டாத ஆழமாக இருந்தால், இரண்டு மீன் கூடைகளைச் சேர்த்துக் கட்டியோ வலையைச் சுருட்டியோ நீளக் கயிற்றில் அணியத்திலிருந்து தண்ணீரில் விடுங்கள். படகு நிற்காது. ஆனால் மூக்கு அலையைப் பார்த்தபடி இருக்கும், நகரும் வேகமும் குறையும். எந்தப் பக்கம் நகர்கிறோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நம் கரையோர நீரோட்டம் தெற்கே ஓடும். விட்டால் நாகப்பட்டினம் தாண்டி இலங்கைப் பக்கம் கொண்டுபோகும். பங்குனி, சித்திரையில் அதுவே வடக்கே திரும்பிவிடும்.

அப்புறம்தான் என்ஜின். டீசல் என்ஜின் ஓட்டத்திலேயே நின்றால் முதலில் எரிபொருளைச் சந்தேகப்படுங்கள்: டீசலில் தண்ணீர், அடைத்த ஃபில்டர், அல்லது குழாயில் காற்று. ஃபில்டர் மேலுள்ள திருகைக் கொஞ்சம் தளர்த்தி, கை பம்பை அழுத்துங்கள். நுரைத்து வரும் டீசல் குமிழி இல்லாமல் வரும்போது திருகை இறுக்குங்கள். ஒரு மாற்று ஃபில்டரும் அதற்கான ஸ்பேனரும் படகில் இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

என்ன ஆனாலும் படகை விட்டு நீந்தாதீர்கள். ராத்திரியில் கரை விளக்கு பக்கத்தில் இருப்பது போலத் தெரியும், அது ஏமாற்று. கவிழ்ந்த ஃபைபர் படகுகூடப் பெரும்பாலும் மிதக்கும், மேலேயிருந்து தேடுகிறவர்களின் கண்ணில் மனிதத் தலையைவிட அதுதான் முதலில் படும்.

முடசலோடை வாசகர்: செல்போனில் டவர் கிடைக்காத தூரத்தில் போன் எதற்கு? வேறு என்ன வாங்கலாம்?

டவர் இல்லாவிட்டாலும் போனில் ஜிபிஎஸ் வேலை செய்யும். அது செயற்கைக்கோளிலிருந்து நேராக வருவது. நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை அதில் பார்த்து ஒரு அட்டையில் எழுதிக்கொள்ளலாம். போனை நல்ல பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி மூடிக் கழுத்தில் மாட்டுங்கள்.

இடத்தைச் சொல்லும்போது ஒரு விஷயத்தில் எல்லோரும் தடுமாறுகிறார்கள். கருவி 11 டிகிரி 43 நிமிடம் என்று காட்டுகிறது. நம் ஆள் வாக்கி-டாக்கியில் ‘பதினொன்று புள்ளி நாற்பத்து மூன்று’ என்கிறார். இரண்டும் ஒன்றல்ல. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். ஒரு நிமிட அட்சரேகை ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். 11.43 டிகிரி என்றால் 11 டிகிரி 25.8 நிமிடம். பதினேழு கடல் மைல், கிட்டத்தட்ட 32 கிலோமீட்டர் தெற்கே போய்த் தேடுவார்கள். ‘டிகிரி’, ‘நிமிடம்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வாங்குவதில் என் வரிசை: முதலில் விஎச்எஃப் கைக்கருவி, அதாவது கையில் பிடித்துப் பேசும் கடல் ரேடியோ. அவசரத்துக்கு 16-வது சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ். தாழ்ந்த இரண்டு படகுகளுக்கு நடுவே சில மைல்தான் எட்டும். ஆனால் அந்தச் சில மைலுக்குள் இருக்கும் படகுதானே முதலில் வந்து சேரும்? ‘மேடே’ (உயிருக்கு ஆபத்து என்பதற்கு உலகம் முழுக்க உள்ள சொல்) மூன்று முறை, படகின் பெயர், இடம், என்ன ஆச்சு, எத்தனை பேர். இந்த வரிசையில் சொன்னால் பேட்டரி பாதியில் போனாலும் முக்கியமானது போய்ச் சேர்ந்திருக்கும்.

அடுத்தது டாட் கருவி, அதாவது ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவி. இஸ்ரோ உருவாக்கியது, 2010 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகச் சென்னையில் உள்ள கடலோரக் காவல்படை மீட்பு மையத்துக்குத் தகவல் போகும். பழைய கருவியில் தகவல் போனதா இல்லையா என்று படகில் இருப்பவருக்குத் தெரியாது. 2024-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் நாவிக் (நம் நாட்டு வழிகாட்டிச் செயற்கைக்கோள்கள்) வழியாக ‘கிடைத்தது, வருகிறோம்’ என்று பதிலும் வரும். நடுக்கடலில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிசு என்று போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

சோனங்குப்பத்திலிருந்து ஒரு சகோதரி: காலையில் வர வேண்டியவர் சாயங்காலம் வரை வரவில்லை. பக்கத்து வீட்டில் ‘மீன்பாடு நல்லா இருக்கும், அதான் நிற்கிறார், பயப்படாதே’ என்றார்கள். எவ்வளவு நேரம் பொறுக்கலாம்?

பொறுக்க வேண்டாம் தங்கச்சி. சொன்ன நேரம் தாண்டி இரண்டு மணி நேரமாகி, போனும் எடுக்கவில்லை என்றால் ஊர்ப் பஞ்சாயத்தாரிடமும் கடலோரக் காவல்படைக்கும் சொல்லிவிடுங்கள். காவல்படை எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல் எண் 1093, இரண்டுக்கும் காசு கிடையாது. அவர் பாட்டுக்கு வந்து நின்றால், ‘வந்துவிட்டார்’ என்று இன்னொரு போன் போட்டால் போயிற்று.

ஏன் அவசரம் என்று கணக்காகவே சொல்கிறேன். படகு மணிக்கு ஒரு மைல் நகர்கிறது என்று வையுங்கள். ஆறு மணி நேரத்தில் தேட வேண்டிய வட்டம் சுமார் 113 சதுர மைல். பன்னிரண்டு மணி நேரத்தில் 452. நேரம் இரண்டு மடங்கானால் தேடும் பரப்பு நாலு மடங்கு. விடியட்டும் என்று விடுவதில் போவது ஒரு ராத்திரி மட்டும் இல்லை.

கூப்பிடும்போது கேட்பார்கள்: எந்த இடத்துக்கு என்று சொல்லிப் போனார், எத்தனை பேர், படகின் நிறம், பதிவு எண், கடைசியாகப் பேசிய நேரம், குடிதண்ணீர் எவ்வளவு. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டி வையுங்கள். அவர் கிளம்பும்போது ‘எங்கே, எப்போது வருவாய்’ என்று கேட்டால் சகுனம் சரியில்லை என்பார்கள் பெரியவர்கள். கேளுங்கள். வீட்டை விட்டு இறங்கும்போதுதான் ஆகாது என்றால் முந்தின ராத்திரியே கேட்டுவிடுங்கள், சகுனத்துக்கும் பங்கமில்லை.

வாசகர், தாழங்குடா: தண்ணீர் தீர்ந்துவிட்டால் கடல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம் என்கிறார்களே?

கூடாது. கடல் நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம். நம் சிறுநீரகத்தால் அவ்வளவு உப்பை வெளியேற்ற முடியாது. குடித்ததைவிட அதிகத் தண்ணீரை உடம்பிலிருந்து எடுத்துத்தான் அந்த உப்பைக் கழிக்கும். கொஞ்சம் குடித்தாலும் கணக்கு அதேதான். உச்சி வெயிலில் தார்பாய்க்குக் கீழே படுங்கள், சட்டையைக் கடல் நீரில் நனைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சூரியன் இறங்குவதற்குள் அது காய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரி நடுங்குவீர்கள். தண்ணீர் இல்லாதபோது மீன் சாப்பிடாதீர்கள், அதைச் செரிக்கவும் தண்ணீர் வேண்டும். மீன் படாத ஐஸ் கட்டி இருந்தால் வேறு வழியில்லாத நேரத்தில் உருக்கிக் குடிக்கலாம். இதெல்லாம் வராமல் இருக்க, ஆளுக்கு ஐந்து லிட்டர் கேன் ஒன்று, தொடாமல், தனியாக.

வீராம்பட்டினம் வாசகர்: நின்றுபோன படகைக் கட்டி இழுத்து வந்தோம். நடுவழியில் கயிறு அறுந்து ஒருவன் கையில் அடிபட்டது. டீசலுக்கும் யாரும் காசு தரவில்லை. இனி உதவவே வேண்டாமா?

உதவுங்கள், ஆனால் முறையோடு. முதலில் ஆட்கள், பிறகு படகு. கடல் மோசமாக இருந்தால் ஆட்களை ஏற்றிக்கொண்டு படகை நங்கூரத்தில் விட்டு வந்துவிடலாம்.

பக்கத்தில் போய்க் கையால் கயிறு கொடுக்க முயல்வதுதான் ஆபத்து. இரண்டு படகும் மோதும். காலி கேனில் மெல்லிய கயிற்றைக் கட்டி, காற்று வரும் பக்கத்தில் தள்ளி நின்று விடுங்கள். கேன் மிதந்து அவர்களிடம் போகும். அதைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே கனமான கயிறு வரும். தண்ணீரில் ஆள் இருந்தால் இதற்கு நேர்மாறாக, காற்றை எதிர்த்து அவரை அணுகுங்கள். காற்றுப் பக்கமிருந்து போனால் படகே அவர் மேல் ஏறும். நீள வால் என்ஜின் என்றால் ஆள் கைக்கெட்டும் தூரம் வருவதற்குள் அணைத்துவிடுங்கள். ஓடும் இறக்கைக்கு மீட்பவன், மீட்கப்படுபவன் என்ற வித்தியாசம் தெரியாது.

இழுக்கும் கயிறு நீளமாக இருக்கட்டும். இரண்டு படகும் ஒரே நேரத்தில் அலை ஏறி ஒரே நேரத்தில் இறங்கும்படி நீளத்தைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால் ஒவ்வொரு அலைக்கும் கயிறு வெட்டி இழுக்கும், அப்படித்தான் அறுகிறது. நைலான் நீண்டு கொடுக்கும் என்பதால் இழுக்க நல்லது. ஆனால் அறுந்தால் சவுக்கு மாதிரி திரும்பி வரும். கயிறு போகும் நேர்கோட்டில் யாரும் உட்காரக் கூடாது. உங்கள் ஆள் அங்கேதான் உட்கார்ந்திருப்பான் என்று நினைக்கிறேன். கயிற்றைக் கட்டும்போது பளு படகின் இரண்டு பக்கமும் பிரிய வேண்டும். கையில் ஒரு கத்தி எப்போதும்.

டீசல் காசு: உயிரைக் காப்பாற்றியதற்குக் கூலி கேட்பது கடல் சட்டத்தில் வழக்கம் இல்லை. படகை, பொருளை மீட்டதற்குக் கேட்கலாம், அது உலகம் முழுக்க உள்ள வழக்கம். பஞ்சாயத்தில் வைத்துப் பேசுங்கள், கரைக்கு வந்த பிறகு. கயிறு கொடுக்கும் முன்னால் பேரம் பேசுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வைத்திக்குப்பம் வாசகர்: லைஃப் ஜாக்கெட் புழுக்கமாக இருக்கிறது, வலை வேலைக்கு இடைஞ்சல்.

உண்மைதான். கனமான ஆரஞ்சு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வலை இழுக்க முடியாது. வேலைக்கென்றே மெல்லிய நுரை வைத்த வெஸ்ட் வருகிறது, அதை வாங்குங்கள். விசிலும் ஒளி பட்டையும் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று: நீலத் தார்பாய், நீலப் படகு, நீலச் சட்டை. விமானத்திலிருந்து பார்த்தால் கடல்தான் தெரியும். ஒரு ஆரஞ்சுத் துணி, ஒரு கண்ணாடித் துண்டு, ஒரு டார்ச் போதும். கைத்தீவட்டி (கையில் பிடித்துக் கொளுத்தும் ஃபிளேர்) வைத்திருந்தால் காலாவதித் தேதியைப் பாருங்கள், பெரும்பாலும் மூன்று வருடம்தான். ஒன்று ஒரு நிமிடம்தான் எரியும். விமானமோ படகோ கண்ணில் பட்ட பிறகே கொளுத்துங்கள்.

கடலூர் முதுநகர் வாசகர்: துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றினால் போகலாமா?

ஒன்று என்றால் தொலைவில் தாழ்வு மண்டலம் இருக்கிறது என்று பொருள். துறைமுகத்துக்கு ஆபத்தில்லை, ஆனால் நீங்கள் துறைமுகத்தில் இருக்கப் போவதில்லையே. மீன்வளத் துறை போகாதே என்று சொல்லியிருந்தால் பேச்சே இல்லை. சொல்லாவிட்டாலும் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போகாதீர்கள். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறிய தானே, வங்கக் கடலில் உருவாகிச் சில நாளிலேயே வந்து சேர்ந்தது. 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல், கடந்த பிறகும் நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. புயல் நாம் போட்ட கணக்குப்படி வராது.

நல்லவாடு வாசகர்: பையன் விளையாட்டாக டாட் பொத்தானை அழுத்திவிட்டான். வழக்குப் போடுவார்களோ என்று அணைத்து வைத்துவிட்டோம்.

அணைத்து வைத்ததுதான் தப்பு. ஏதோ ஆகி கருவியே செத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு கப்பல் கிளம்பியிருக்கலாம். உடனே 1554-க்குக் கூப்பிட்டு, படகு எண்ணைச் சொல்லி, ‘தவறுதலாக அழுத்திவிட்டோம், எல்லோரும் நலம்’ என்று சொல்லுங்கள். பையனைக் கூட்டிவந்து அந்தப் பொத்தான் எதற்கு என்று ஒரு தடவை காட்டுங்கள். நாளைக்கு அவனும்தானே படகில் வருவான்.