40 பேருக்கு 40 எக்கவுண்டா? வேணாம் தம்பி

களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார், அவங்கட வாசிகசாலைல பழைய கொம்பியூட்டர் ஒண்டு சும்மா கிடக்காம், அதுல உபுண்டு லினக்ஸ் போட்டு, சிங்க்ரோநெட் எண்ட சாப்ட்வேர வச்சி, ஆக்கள் வந்து மெசேஜ் போட்டு வாசிக்கிற பழைய பாணி புலட்டின் போர்ட் (பிபிஎஸ்) ஒண்டு நடத்தப் போறாராம், மெம்பர்மார் 40 பேர், எல்லாருக்கும் லினக்ஸ்ல யூசர் அடிக்கணுமா இல்லாட்டி எல்லா அதிகாரமும் உள்ள ரூட் எண்ட யூசர்லயே ஓடவிட்டா காணுமா எண்டு.

ரெண்டும் வேணாம். லினக்ஸ்ல ஒரே ஒரு யூசர் காணும், அதுவும் மனிசருக்கில்ல, அந்த சேர்வர் ஓடுறதுக்கு. 40 பேரும் சிங்க்ரோநெட்டுக்குள்ள தான் பதியிறாங்க, அவங்கட பேரு பாஸ்வேட் எல்லாம் அதுட சொந்த டேட்டாபேஸ்ல இரிக்கும், லினக்ஸுக்கு அவங்கள தெரியவே தெரியாது. வாசிகசாலைல அங்கத்தவர் கார்ட் குடுக்கிறீங்க தானே, கடப்புத் திறப்ப ஆருக்கும் குடுக்கிறல்லயே, அப்பிடித்தான்.

ஆளுக்கொரு லினக்ஸ் யூசர் அடிச்ச வேலைய நான் ஒருக்கா ஒரு டியூஷன் சென்டர்ல செஞ்சி பட்டிரிக்கன். கோர்ஸ் முடிய யூசர எல்லாம் அழிச்சன், பைல்கள் அங்கயே கிடந்துட்டு. லினக்ஸ் பைலுக்கு சொந்தக்காரன்ட பேர வச்சிருக்காது, நம்பர தான் வச்சிருக்கும், மறுகா புதுசா அடிச்ச பிள்ளைக்கு அதே நம்பர் போய், முன்ன படிச்ச பிள்ளைட பைலெல்லாம் அவக்கு சொந்தமாயிட்டு.

சரி வேலைக்கு வாரன். கமாண்ட தமிழ்ல எழுதுறன், நீங்க இங்கிலீஷ்ல தட்டுங்க. சுடோ (ரூட் அதிகாரத்துல ஓட்டுறதுக்கு) அட்யூசர், மறுகா ரெட்டைக் கோடு (--) போட்டு சிஸ்டம், ரெட்டைக் கோடு போட்டு குரூப், ரெட்டைக் கோடு போட்டு ஹோம் எண்டு சிங்க்ரோநெட் கிடக்கிற போல்டர், கடைசில பேரு, பிபிஎஸ் எண்டே வைங்க. சிஸ்டம் எண்டு போட்டா நம்பர் 1000க்குக் கீழ வரும், ஷெல், அதாவது கமாண்ட் தட்டுற இடம், நோலாகின் ஆகும், அந்தப் பேர்ல ஒருத்தரும் உள்ளுக்க வரேலா. குரூப் எண்டத விட்டிராதீங்க, விட்டா நோகுரூப்ல கொண்டு போய்ப் போட்டிரும். நோபடி எண்டு ஏற்கனவே ஒரு யூசர் இரிக்கே அதப் பாவிப்பம் எண்டு சிலர் சொல்லுவாங்க, வேணாம், வேற சேர்விஸும் அதுலயே ஓடினா ஒண்டுல ஓட்டை விழ மத்ததும் போயிரும். சுடோ குரூப்லயும் இவன சேர்க்காதீங்க.

அடுத்தது போல்டர் முழுக்க சவுன் (சொந்தக்காரன மாத்துற கமாண்ட்) போட்டு பிபிஎஸ் யூசருக்கு குடுங்க, சிமோட் 750 போடுங்க, அப்ப மத்த யூசர்மாரால உள்ள பைல வாசிக்கேலா. சில பிபிஎஸ் சாப்ட்வேர் பாஸ்வேட்ட மறைக்காம அப்பிடியே எழுதி வைக்கும், பழைய காலத்துப் பழக்கம். 1978ல சிக்காகோவுல வோட் கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் முதல் பிபிஎஸ்ஸ ஓடவிட்ட நேரம் ஒரு போன் லைன், ஒரு நேரத்துல ஒராள் தான், உங்கட பெட்டி அப்பிடியில்ல, நெட்ல நிக்கப்போகுது. மெம்பர்மாரிட்டயும் பேங்க் பாஸ்வேட்ட இதுக்குப் போடாதீங்க எண்டு சொல்லி வைங்க.

கனபேர் இடறி விழுற இடம் இனித்தான். செட்டிங் மாத்துற புரோகிராம அவசரத்துல சுடோ எண்டு மட்டும் போட்டு ஓட்டுவாங்க, அது புதுசா எழுதுற பைலெல்லாம் ரூட்டுக்கு சொந்தமாயிரும், பின்ன சேர்வரால அத எழுதேலாது, நேத்து வரைக்கும் நல்லா ஓடினது இண்டைக்கு மெசேஜ் போகுதில்ல எண்டு மண்டையப் பிச்சிக்கொண்டு இருப்பீங்க. எப்பவும் சுடோவுக்குப் பின்னால ஒரு கோடு யூ போட்டு பிபிஎஸ் எண்டு குடுத்து ஓட்டுங்க. ஷெல் இல்லாட்டியும் அது வேலை செய்யும்.

கரண்ட் போய் வந்தா தன்பாட்டுல எழும்பணுமெண்டா சிஸ்டம்டிக்கு (லினக்ஸ்ல சேர்விஸ்கள எழுப்புற புரோகிராம்) பைல் ஒண்டு எழுதுங்க, அதுல யூசர் எண்ட வரில பிபிஎஸ். ஆனா 1024க்குக் கீழ இருக்கிற போர்ட்ட (நெட்ல உள்ளுக்க வாற வாசல் நம்பர்) சாதாரண யூசரால திறக்கேலா, டெல்நெட் எண்ட பழைய இணைப்பு முறைட 23 அதுக்குள்ள தான் வரும், அதால 2323க்கு மாத்துங்க. டெல்நெட்ல பாஸ்வேட் பச்சையாவே போகும், மறைச்சு அனுப்புற எஸ்எஸ்எச் தான் நல்லம், ஆனா 22ல லினக்ஸ்ட சொந்த எஸ்எஸ்எச் குந்தியிருக்கும், 2222 குடுங்க. வெப், எப்டிபி எல்லாம் தேவையில்லாட்டி நிப்பாட்டுங்க.

நெட்டுக்குத் திறக்க முன்ன ஒரு விசயம், சிங்க்ரோநெட்ல முதல் நம்பர் எக்கவுண்ட் தான் சிசாப், அதாவது பிபிஎஸ்ஸ நடத்துற ஆள், அதால முதல்ல நீங்க போய்ப் பதிஞ்சிட்டு வாங்க. கடைசியா ரீஸ்டார்ட் பண்ணிட்டு ஓடுற புரோகிராமெல்லாம் காட்டுற பிஎஸ் கமாண்ட்ல ஏயூஎக்ஸ் போட்டுப் பாருங்க, சேர்வருக்கு நேர பிபிஎஸ் எண்டு நிக்கணும், ரூட் எண்டு நிண்டா அந்த யூசர் வரிய எங்கயோ விட்டுட்டீங்க.