எண்டர்பிரைஸ் பிரிட்ஜ்: நகல் செட்டில் எதை, எப்படிச் சரிபார்ப்பது?

1966 முதல் 1969 வரை அமெரிக்காவின் என்பிசியில் ஒளிபரப்பான 'ஸ்டார் டிரெக்' தொடரில் வரும் எண்டர்பிரைஸ் விண்கப்பலின் செட்டுகளை வடிவமைத்தவர் மேட் ஜெஃப்ரிஸ். நியூயார்க் மாநிலத்தின் டிகொண்டரோகாவில் அவை முழு அளவில் மறுபடி கட்டப்பட்டு, 2016 முதல் பார்வைக்குத் திறந்திருக்கின்றன. வீட்டு அறையிலும் கொட்டகையிலும் பிரிட்ஜ், அதாவது கேப்டன் அமர்ந்து கப்பலை இயக்கும் வட்ட அறை, கட்டுகிறவர்களும் உண்டு. அந்த நகல்களைப் பற்றிய கேள்விகள் இவை.

சார், ஒப்பிட 'அசல்' என்று எதை எடுத்துக்கொள்வது?

முதலில் இதை முடிவு செய்துவிட்டு அளவு நாடாவை எடுங்கள். 1964 இறுதியில் படமாக்கிய முதல் பைலட் படத்தில் (தொடருக்கு முன் சோதனையாக எடுத்த அத்தியாயம்) பிரிட்ஜ் சாம்பல் சாயலில் இருக்கும். மேசைகள் மேல் வளைந்த கழுத்துள்ள சின்னத் திரைகள் நிற்கும். தொடரில் அந்தத் திரைகள் இல்லை. கைப்பிடிக் கம்பியும் லிஃப்ட் கதவும் சிவப்பு. சிவப்புக் கம்பியையும் வளைகழுத்துத் திரையையும் சேர்த்து வைத்த நகல், அந்த முதல் படத்தின் செட்டும் அல்ல, தொடரின் செட்டும் அல்ல. நான் அதிகம் பார்க்கும் பிழையும் இதுதான்.

வரைபடம் கையில் இல்லை. காட்சியை நிறுத்தி, படத்திலிருந்தே அளவு எடுக்கலாமா?

எடுக்கலாம். கேமரா அசையாத ஷாட்டாகப் பாருங்கள். 4:3 சட்டகம் வெட்டப்படாமல் இருக்க வேண்டும். வெட்டினால் லென்ஸின் மையம் நகர்ந்து கணக்கு கெடும். எஃப்ஸ்பை என்ற இலவச மென்பொருளில் படத்தைத் திறந்து, இரண்டு திசைகளில் செல்லும் இணைகோடுகளைக் குறியுங்கள். அளவு தெரிந்த ஒரு பொருளைக் கொடுத்தால் மற்றவற்றின் அளவு கிடைக்கும்.

சிக்கல் என்னவென்றால், வட்டமான செட்டில் இணைகோடுகள் குறைவு. கேப்டன் நாற்காலியில் கை வைக்கும் பெட்டிகளின் ஓரங்கள் உதவும், ஆனால் அவை சிறியவை. 40 செ.மீ. நீளத்தில் 1 செ.மீ. தவறினால், 4 மீட்டரில் அது 10 செ.மீ. ஆகிவிடும். ஆகவே மூன்று ஷாட்டுகளிலாவது தனித்தனியாகக் கணக்கிட்டு, விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். நடிகரின் உயரத்தை அளவுகோலாக வைக்க வேண்டாம். காலணிக் குதியும் நிற்கும் தோரணையும் ஏமாற்றும்.

வட்டத்தைத் தச்சரிடம் எப்படிச் சொல்வது? கடைசித் துண்டு பொருந்தவே மாட்டேன் என்கிறது.

வட்டம் பத்துச் சம துண்டுகள், ஒவ்வொன்றும் 36 பாகை. துண்டின் இரு முனைகளுக்கு இடையே நேர்கோட்டில் அளந்து 1.618 ஆல் பெருக்கினால் மைய ஆரம் கிடைக்கும். உங்கள் கடைசித் துண்டு பொருந்தாததற்குக் காரணம் வெட்டுக் கோணமாக இருக்கும். துண்டுக்கு அரை பாகை தவறினால் பத்தாவதில் 5 பாகை; 3 மீட்டர் ஆரத்தில் அது சுமார் 26 செ.மீ. இடைவெளி. துண்டோடு துண்டு ஒட்டிக்கொண்டே போகாமல், தரையில் மையப்புள்ளி அடித்து, பத்துக் கோடுகளையும் முதலில் வரைந்துவிட்டு நிறுத்துங்கள்.

லிஃப்ட் கதவை கேப்டன் நாற்காலிக்கு நேர் பின்னால் வைத்துவிடாதீர்கள். பிரிட்ஜின் முன்பக்கப் பெரிய திரைக்கு நேரெதிர்த் துண்டிலிருந்து ஒரு துண்டு, அதாவது 36 பாகை, தள்ளியிருக்கிறது. சமச்சீர் ஆசையில் பலர் இதைத் 'திருத்தி' விடுகிறார்கள்!

பெயின்ட் சரியாகத்தான் வாங்கினேன் அண்ணா, திரையில் பார்த்த நிறம் வரவில்லையே?

சுவர்கள் பெரும்பாலும் சாம்பல். திரையில் தெரியும் ஊதாவும் பச்சையும் விளக்கு முன் மாட்டிய ஜெல் எனும் நிறக் கண்ணாடித் தாள்களின் வேலை. ஒளிப்பதிவாளர் ஜெர்ரி ஃபின்னர்மன் அப்படித்தான் ஒளியமைத்தார். கேப்டனின் மேற்சட்டைத் துணிகூட உண்மையில் பச்சைச் சாயல்தான், ஃபிலிமில் பொன்னிறமானது. ஆகவே திரையில் தெரியும் நிறத்தையே பெயின்டாக அடித்து, அதன்மேல் ஜெல் வெளிச்சமும் போட்டால் நிறம் இருமுறை ஏறும்.

3200 கெல்வின் டங்ஸ்டன் விளக்கில், சாம்பல் அட்டை ஒன்றை வைத்துப் படமெடுத்து ஒப்பிடுங்கள். மலிவு எல்இடியில் ஆழ்சிவப்பு குறைவதால் கைப்பிடிக் கம்பி மங்கித் தெரியும். குற்றம் பெயின்டில் இருக்காது. ஒரு காட்சி இன்னொன்றில் கரையும் சட்டகங்களை மாதிரியாக எடுக்காதீர்கள். அவை ஃபிலிம் பிரதியிலிருந்து எடுத்த பிரதி, நிறம் நகர்ந்திருக்கும்.

நாற்காலிகள்?

அதிகாரிகளின் நாற்காலிகள் டல்லஸின் பர்க் நிறுவனத் தயாரிப்பு. அடியில் விசிறி இதழ்போல் நான்கு கால் விரியும். வட்டத் தட்டு அடிப்பாகம் கொண்டது வடிவமைப்பாளர் சாரினனின் நோல் நிறுவன நாற்காலி. விலையும் கூடுதல், இந்த செட்டுக்குத் தவறும்கூட.

கதவுக்கு சென்சார் போடலாமா?

போடலாம். அசலில் திரைமறைவில் ஆட்கள் இழுத்தார்கள். வேகம் ஷாட்டுக்கு ஷாட் மாறும். அதனால் 'சரியான வேகம்' என்று ஒன்றைத் தேடிப் பயனில்லை.

1992இல் பிந்தைய ஸ்டார் டிரெக் தொடரான 'நெக்ஸ்ட் ஜெனரேஷ'னில் பழைய பிரிட்ஜ் வந்ததே, அதைப் பார்த்து அளக்கலாமா?

வேண்டாம். அங்கே ஒரு பகுதியைத்தான் கட்டினார்கள். ஆளில்லாத பிரிட்ஜின் அகல ஷாட் பழைய தொடரின் காட்சி. அதில் அளக்க வேண்டுமென்றால் அந்த அகல ஷாட்டை மட்டும், அதுவும் பழைய தொடரின் பிரதியிலிருந்தே எடுங்கள்.