முதலில் சீலிங்கைப் பாருங்கள்: விசேஷ வீட்டில் ஃப்ளாஷ், கேள்வி பதில்

பிறந்தநாள், வளைகாப்பு, ரிசப்ஷன் என்று நாலு சுவருக்குள் நடக்கும் விசேஷங்களில் ஃப்ளாஷ் வைத்துக் கேண்டிட், அதாவது ஆட்கள் போஸ் கொடுக்காமல் இயல்பாக இருக்கும்போது படம், எடுப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அடிக்கடி வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டேன். கேமராவிலேயே எழும்பி நிற்கும் குட்டி ஃப்ளாஷைப் பற்றி இங்கே பேச்சில்லை. மேலே தனியாக மாட்டுகிற, தலை திரும்புகிற ஃப்ளாஷ் மட்டும்.

திருச்சியிலிருந்து: அக்கா, பாப்பாவின் முதல் பிறந்தநாளுக்கென்று ஃப்ளாஷ் வாங்கினேன். போட்டு எடுத்தால் எல்லார் முகமும் வெள்ளையடித்த மாதிரி இருக்கிறது, பின்சுவரில் கன்னங்கரேல் என்று நிழல் விழுகிறது. போடாமல் எடுத்தால் படம் ஆடிப்போகிறது. என்ன செய்ய?

தம்பி, ஃப்ளாஷ் தலையை நேராக ஆட்களைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். தீப்பெட்டி அளவு வெளிச்சம் லென்ஸுக்கு மேலிருந்து நேரே முகத்தில் அடித்தால் அப்படித்தான் வரும். அந்தத் தலையைத் திருப்பி வெள்ளைச் சீலிங்கிலோ பக்கச் சுவரிலோ அடியுங்கள். இதற்குப் பெயர்தான் பவுன்ஸ். அப்போது வெளிச்சம் தருவது ஃப்ளாஷ் இல்லை, அந்தச் சுவர். சுவர் பெரிது என்பதால் நிழலின் ஓரம் மெத்தென்று ஆகிவிடும்.

நேர் மேலே தூக்குவது பலரும் செய்வது. அதில் ஒரு கெடுதல் உண்டு. வெளிச்சம் உச்சியிலிருந்து இறங்குவதால் கண்குழி இருட்டிவிடும், மூக்கு நிழல் மீசை போல விழும். அதனால் தலையைச் சற்றுப் பக்கவாட்டில், உங்கள் தோளுக்கு மேலே பின்பக்கமாகத் திருப்புங்கள். அந்த அறையில் ஒரு பெரிய ஜன்னல் இருந்தால் எங்கே இருக்க வேண்டும் என்று நினைப்பீர்களோ, அந்தத் திசையில் அடியுங்கள். எதிரே நிற்பவருக்கு ஃப்ளாஷின் கண்ணாடி முகப்பு தெரியக்கூடாது. தெரிந்தால் நேர் வெளிச்சமும் கலக்கிறது என்று அர்த்தம். கறுப்பு ஃபோம் ஷீட் ஒரு துண்டு வெட்டி, தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டால் முன்பக்கம் கட்டிவிட்டால் அந்தக் கசிவு நின்றுவிடும். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் சாதாரணத் தாள்தான்.

அளவுகள்: கேமரா மேனுவலில், ஷட்டர் (திறந்திருக்கும் நேரம்) 1/125 நொடி, அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) எஃப் 4, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) 800. ஃப்ளாஷ் டிடிஎல்லில், அதாவது எவ்வளவு அடிக்க வேண்டும் என்று கேமராவே அளந்து முடிவுசெய்யும் முறையில். முதலில் ஃப்ளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். அது இரண்டு ஸ்டாப் அளவுக்கு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) இருட்டாக, ஆனால் அறை இன்னதென்று தெரிகிற மாதிரி வர வேண்டும். கறுப்பாகவே வந்தால் ஷட்டரை 1/60க்கு இறக்குங்கள், இல்லையென்றால் ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். ஷட்டர் வேகம் அறையின் வெளிச்சத்தை மட்டும்தான் மாற்றும். ஃப்ளாஷ் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அடித்து முடித்துவிடுவதால் அதன் அளவு மாறாது. அப்பர்ச்சரும் ஐஎஸ்ஓவும் இரண்டையும் மாற்றும். இது ஒன்று மனதில் உட்கார்ந்துவிட்டால் பாதிக் கேள்விகள் தேவையே இல்லை.

மதுரையிலிருந்து: ஃப்ளாஷ் ஒரு தடவை அடித்ததும் எல்லாரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்புறம் எங்கே கேண்டிட்?

முதல் நாலைந்து அடிக்குத்தான் திரும்புவார்கள். அதை வேண்டுமென்றே சீக்கிரம் செலவழித்துவிடுங்கள். ஆட்கள் வந்து சேரும்போதே கேக், பலூன், தாம்பூலத் தட்டு என்று எதையாவது எடுத்துக்கொண்டிருங்கள். "ஃபோட்டோ எடுக்கிறவங்க இருக்காங்க" என்பது பழகிப்போய், கால் மணி நேரத்தில் உங்களை மறந்துவிடுவார்கள். சீலிங்கில் அடிக்கும்போது வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று சட்டென்று பிடிபடாது என்பதும் கூடுதல் வசதி.

அடுத்தது, எடுத்தவுடன் கேமராவைக் கீழே இறக்கித் திரையைப் பார்க்காதீர்கள். இரண்டு சித்திகள் பேசிக்கொண்டிருக்கிறார்கள், ஒருவர் சிரிக்கிறார், அடிக்கிறீர்கள். உடனே அவர் உங்களைப் பார்ப்பார், கொஞ்சம் வெட்கப்படுவார், "என்னடி எடுக்கிறே" என்று பக்கத்தில் இருப்பவரைத் தட்டிவிட்டு மறுபடி பேச்சுக்குத் திரும்புவார். அந்தத் திரும்புகிற நொடிக்குத்தான் காத்திருக்க வேண்டும். தோள் இறங்கியிருக்கும், கை தானாக அசையும். என் ஆல்பங்களில் முதல் அடியைவிட இரண்டாவதுதான் அதிகம் தேறும்.

தொடர்ந்து படபடவென்று அடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஃப்ளாஷ் ஈடுகொடுக்காது, ஆட்களும் எரிச்சலாவார்கள்.

சேலத்திலிருந்து: கல்யாண மண்டபத்தில் சீலிங் எங்கோ உயரத்தில் இருக்கிறது. சில இடங்களில் கலர் துணி கட்டிவிடுகிறார்கள். பவுன்ஸ் வேலைக்கு ஆகுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டில் சீலிங் 10 அடி. கேமரா 5 அடி உயரத்தில் இருந்தால் வெளிச்சம் 5 அடி ஏறி 5 அடி இறங்குகிறது, மொத்தம் 10. மண்டபச் சீலிங் 25 அடி என்றால் 20 ஏறி 20 இறங்கி 40. தூரம் நாலு மடங்கானால் வெளிச்சம் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 4 ஸ்டாப் போச்சு. தோராயக் கணக்குதான், ஆனால் ஃப்ளாஷ் ஏன் திணறுகிறது என்பது புரியும். ஐஎஸ்ஓ 3200, எஃப் 2.8 வரை போனால் சில மண்டபங்களில் சமாளிக்கலாம்.

துணிப் பந்தல் இன்னும் மோசம். ரோஸ் துணியில் அடித்தால் முகமெல்லாம் ரோஸ், மஞ்சளில் அடித்தால் காமாலை. பின்னால் கம்ப்யூட்டரில் சரிசெய்யலாம் என்று நினைக்க வேண்டாம். முகத்தில் ஒரு நிறம், பின்னணியில் இன்னொன்று என்று இருப்பதை ஒரே இழுப்பில் திருத்த முடியாது.

அங்கே மேலே பார்ப்பதை விட்டுவிட்டுப் பக்கத்தில் பாருங்கள். வெள்ளைத் தூண், சாப்பாட்டு ஹால் சுவர், மேடைப் பின்னணிக்குக் கொண்டுவந்து மிஞ்சிய தெர்மாகோல் பலகை, எதுவானாலும் சரி. அவசரத்துக்கு வெள்ளை வேட்டி சட்டையில் பக்கத்தில் நிற்கும் மாமாவின் முதுகு மேல்கூட அடிக்கலாம், நிஜமாகவே வேலை செய்யும். எதுவுமே இல்லையென்றால் ஃப்ளாஷ் தலையில் செருகியிருக்கும் வெள்ளை அட்டையை வெளியே இழுத்துவிட்டு, ஆளுக்கு ஐந்தாறு அடிக்குள் நெருங்கி எடுங்கள். சுவர் இல்லாத இடத்தில் ஃப்ளாஷ் தலைக்கு மேல் வெளிச்சம் பரப்பும் பிளாஸ்டிக் குடுவையை மாட்டிக்கொண்டு அலைவது வீண். வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிக்கும், திருப்பி அனுப்பத்தான் எதுவும் இருக்காது.

வீடியோக்காரரின் எல்இடி விளக்கு எரிகிறதென்றால் அது உங்களுக்கு இலவச வெளிச்சம். அதற்குக் குறுக்குப் பக்கம் போய் நின்று, ஃப்ளாஷை மிகக் குறைத்து நிழலை மட்டும் லேசாக்குங்கள்.

கோவையிலிருந்து: ஹோட்டல் ஹாலில் எடுத்தால் முகம் நீலம் பாய்ந்த மாதிரி, பின்னணி ஒரே ஆரஞ்சு.

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள், எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். மஞ்சள் விளக்குகள் ஏறத்தாழ 3000 கெல்வின், ஃப்ளாஷ் 5500 பக்கம். இரண்டும் ஒத்துப்போகாது. ஃப்ளாஷ் முன்னால் சிடிஓ என்கிற ஆரஞ்சு ஜெல், அதாவது வெளிச்சம் ஊடுருவும் நிறத் தாள், மாட்டுங்கள். முழு சிடிஓ போட்டால் ஃப்ளாஷ் 3200க்கு இறங்கிவிடும். நான் அரை சிடிஓ போட்டு கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் வைட் பேலன்ஸை 4000 அருகில் வைப்பேன். பின்னணியில் கொஞ்சம் மஞ்சள் மிஞ்சினால்தான் ராத்திரி விசேஷம் மாதிரி இருக்கும். டிஜே விளக்கு ஊதாவும் பச்சையுமாகச் சுழன்றால் ஜெல்லை மறந்துவிடுங்கள், அதோடு எதையும் பொருத்த முடியாது.

காரைக்குடியிலிருந்து: வேட்டி சட்டைக்காரர்கள் மங்கலாக வருகிறார்கள், கோட் போட்ட மாப்பிள்ளை வெளுத்துப்போகிறார்.

டிடிஎல் எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக நினைத்துக்கொள்ளும். ஃபிரேமில் வெள்ளை நிறைந்திருந்தால் ஃப்ளாஷின் அளவைக் கூட்டிக் குறைக்கும் காம்பென்சேஷனை +1 வரை ஏற்றுங்கள், கறுப்பு நிறைந்திருந்தால் -1 வரை இறக்குங்கள்.

திருநெல்வேலியிலிருந்து: எங்கள் வீட்டில் எல்லாரும் நல்ல கறுப்பு நிறம். ஃப்ளாஷில் எடுத்தால் சாம்பல் பூசியது போல இருக்கிறது. கொஞ்சம் வெளிச்சம் கூட்டி எடுக்கலாமா?

கூட்டாதீர்கள். கூட்டக் கூட்டத்தான் சாம்பல் தட்டும். நேர் ஃப்ளாஷ் நெற்றியிலும் கன்னத்திலும் இருக்கும் வியர்வையில் பட்டு அப்படியே லென்ஸுக்குத் திரும்பிவிடுகிறது. தோலின் நிறம் அந்தப் பளபளப்புக்கு அடியில் போய்விடுகிறது. பக்கச் சுவரில் பவுன்ஸ் செய்து பாருங்கள். வெளிச்சம் கன்னத்தின் ஓரத்தில் வழிந்து வரும், தாடை, மூக்கு, கண் எல்லாம் செதுக்கின மாதிரி தெரியும். கறுத்த முகத்தில் அப்படி விழும் வெளிச்சத்துக்கு ஈடே கிடையாது. எக்ஸ்போஷரைத் தோலுக்குப் பார்த்து வையுங்கள், பட்டுச் சரிகையையோ நகையையோ பார்த்து அல்ல. அவை இரண்டொரு இடத்தில் மின்னி வெளுத்தால் பரவாயில்லை. அப்புறம், "கொஞ்சம் கலராக்கிக் கொடுங்க" என்று கேட்பவர்களுக்கு நான் ஆக்கிக் கொடுப்பதில்லை.

சென்னையிலிருந்து: எங்கள் மாமி மட்டும் எல்லாப் படத்திலும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்!

டிடிஎல்லில் படம் எடுப்பதற்குச் சற்று முன்னால் அளவு பார்க்க ஒரு சின்ன அடி விழும். சிலர் அதற்கே கண்ணைச் சிமிட்டிவிடுவார்கள். மாமிக்கு மட்டும் ஃப்ளாஷை மேனுவலுக்கு மாற்றுங்கள், 1/8 பவரில் ஆரம்பித்துக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். மேனுவலில் முன் அடி கிடையாது.

அதே வாசகர்: கண்ணாடி போட்டவர்களுக்கு? கண்ணாடியில் ஃப்ளாஷ் பளிச்சென்று தெரிகிறதே.

பின்பக்கச் சுவரில் அடிப்பதை விட்டுப் பக்கச் சுவரில் அடியுங்கள். இல்லையென்றால் நீங்கள் ரெண்டடி நகருங்கள்.

ஈரோட்டிலிருந்து: புது மிரர்லெஸ் கேமராவில் ஃப்ளாஷ் அடிக்கவே மாட்டேன் என்கிறது. ரிப்பேரா?

சைலண்ட் ஷட்டர் போட்டிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலான கேமராக்களில் எலக்ட்ரானிக் ஷட்டரோடு ஃப்ளாஷ் வேலை செய்யாது.

புதுச்சேரியிலிருந்து: குத்தாட்டம் போடும்போது எடுத்தால் ஆள் நின்று போஸ் கொடுத்த மாதிரி உறைந்து வருகிறது. ஆட்டமே தெரியவில்லை.

ஷட்டரை 1/15க்கு இறக்குங்கள், ரியர் கர்ட்டன் சிங்க் போடுங்கள். ஷட்டர் திறந்திருக்கும்போது விளக்குகள் கோடு இழுக்கும், கை கால் வழுக்கும். மூடப்போகும் கடைசித் தருணத்தில் ஃப்ளாஷ் அடித்து முகத்தைப் பிடித்து நிறுத்தும். முகத்தின் மேல் டிஜே விளக்கு நேராக அடிக்கிற இடத்தில் மட்டும் இது சரிவராது, எல்லாமே குழம்பிவிடும். பத்தில் ஏழு படம் குப்பைக்குத்தான் போகும் என்று தெரிந்தே எடுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: ஃப்ளாஷைக் கழற்றிக் கையில் பிடித்து எடுக்கலாமா?

தாராளமாக. இடது கையில் ஃப்ளாஷைத் தூக்கிப் பிடித்து, வலது கையால் எடுப்பது. அமெரிக்க ஃபோட்டோகிராஃபர் லாரி ஃபிங்க் விருந்துகளில் கையில் பிடித்த ஃப்ளாஷோடு எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைத் தேடிப் பாருங்கள். மெத்தென்ற வெளிச்சமெல்லாம் அதில் இல்லை, கத்தி மாதிரி விழுகிறது. ஆனால் பக்கத்திலிருந்து விழுவதால் ஒவ்வொரு முகமும் தனியாக எழுந்து நிற்கிறது. கழற்றிய ஃப்ளாஷைக் கம்பியில்லாமல் அடிக்க வைக்கும் ஒரு ட்ரிகரோ டிடிஎல் கேபிளோ போதும். லென்ஸ் மட்டும் 35 எம்எம் மாதிரி எடை குறைந்ததாக இருக்கட்டும், மணிக்கட்டு தாங்க வேண்டுமே.

விழுப்புரத்திலிருந்து: பட்ஜெட் குறைவு. எதை வாங்கட்டும்?

விலை குறைந்த மாடல்களில் பல மேனுவல் மட்டும்தான், உதாரணமாக கோடாக்ஸ் டிடி600. ஒரே அறையில் சீலிங் பவுன்ஸ் என்றால் அதுவே போதும், ஒருமுறை அளவு வைத்துவிட்டால் பெரிதாக மாறாது. மண்டபம், வாசல், சாப்பாட்டு ஹால் என்று ஓடுகிறவருக்கு டிடிஎல் வேண்டும். வாங்கும்போது தலை மேலும் கீழும் மட்டுமில்லாமல் பக்கவாட்டிலும் நன்றாகத் திரும்புகிறதா, உங்கள் கேமரா கம்பெனிக்கான மாடல்தானா என்று இரண்டையும் பாருங்கள். பேட்டரிக்கு எனலூப் மாதிரி நிக்கல் ரீசார்ஜ் செல், இரண்டு செட். முழு பவரில் தொடர்ந்து அடித்தால் ஃப்ளாஷ் சூடாகித் தானே நின்றுவிடும். அதனால் ஐஎஸ்ஓவை ஏற்றிவிட்டு ஃப்ளாஷை 1/4க்குக் கீழே வையுங்கள், அடுத்த அடிக்குச் சீக்கிரம் தயாராகும்.

நாகர்கோவிலிலிருந்து: நண்பன் ரிசப்ஷனுக்கு விருந்தாளியாகத்தான் போகிறேன். அங்கே காசு கொடுத்து அமர்த்திய ஃபோட்டோகிராஃபர் இருப்பார். நான் ஃப்ளாஷ் எடுத்துப் போகலாமா?

போகலாம். மேடைப் பக்கம் அவருடையது, கீழே நாற்காலி வரிசைகள் உங்களுடையது. அவர் தேடுகிற படம் மேடையில் இருக்கிறது, உங்களுக்கு வேண்டிய சித்தப்பாக்களும் குட்டிப் பிள்ளைகளும் கீழேதான் இருக்கிறார்கள். போனதும் அவரிடம் ட்ரிகர் எந்தச் சேனலில் ஓடுகிறது என்று கேட்டுவிட்டு, உங்களுடையதை வேறு சேனலுக்கு மாற்றுங்கள். ஃப்ளாஷ் எஸ்1, எஸ்2 என்ற ஸ்லேவ் மோடில் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அவர் அடிக்கும்போதெல்லாம் உங்கள் ஃப்ளாஷும் சேர்ந்து அடித்து, பேட்டரி சாப்பாட்டுப் பந்திக்கு முன்பே தீர்ந்துவிடும்.